நெகட்டிவ் ஸ்கேனர் வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீரோவிலும் பழைய பிஸ்கட் டப்பாக்களிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஃபிலிம் நெகட்டிவ்களை, அதிகச் செலவில்லாமல் கணினிக்கு மாற்ற விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அச்சகங்களும் காப்பகங்களும் பயன்படுத்தும் டிரம் ஸ்கேனர் போன்ற விலையுயர்ந்த கருவிகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த ஸ்கேனர் வாங்குவது என்பதை எங்கிருந்து தொடங்கி முடிவு செய்ய வேண்டும்?

கடையிலிருந்தோ இணையத்திலிருந்தோ தொடங்காமல், உங்களிடம் உள்ள நெகட்டிவ்களிலிருந்து தொடங்குங்கள். அனைத்தையும் வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலில் அகலத்தைப் பாருங்கள். இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் இருந்து, ஒரு படம் 24 × 36 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது 35 மி.மீ. ஃபிலிம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கலர் படங்களில் பெரும்பகுதி இந்த வகையே. துளைகளே இல்லாமல், ஏறக்குறைய 6 செ.மீ. அகலத்தில் இருந்தால் அது 120 ரோல். ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய இரட்டை லென்ஸ் கேமராக்களும், வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்களும் இந்த ரோலில்தான் 6 × 6 செ.மீ. சதுரப் படங்களை எடுத்தன. கட்டைவிரல் நகம் அளவேயான 13 × 17 மி.மீ. படங்கள் கிடைத்தால் அவை 110 கேசட்டில் வந்தவை.

அடுத்து நிறத்தைப் பாருங்கள். அடித்தளம் ஆரஞ்சு நிறமாக இருந்தால் அது கலர் நெகட்டிவ்; சாம்பல் நிறமாகவோ நிறமின்றித் தெளிவாகவோ இருந்தால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எந்த அகலத்தில் எத்தனை, அவற்றில் கலர் எத்தனை, கறுப்பு வெள்ளை எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், வாங்க வேண்டிய கருவி எது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். இந்தக் கணக்கை எடுக்காமல் வாங்கியவர்களில் பலர், பிறகு இரண்டாவது ஸ்கேனரும் வாங்க நேர்கிறது.

பெட்டியின் மீது 6400 டிபிஐ, 7200 டிபிஐ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதே இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான விடை. ஓர் அங்குல நீளத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அத்தனை புள்ளிகளிலும் தனித்தனி விவரம் இருக்கிறதா என்பது லென்ஸின் தரம், ஃபோகஸ், நடுவே உள்ள கண்ணாடி, ஃபிலிம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது ஆகியவற்றைப் பொறுத்தது. யூஎஸ்ஏஎஃப் 1951 என்ற கோட்டுச் சோதனைத் தகட்டை ஸ்கேன் செய்து, எந்த அளவுவரை கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்று பார்த்தே உண்மையான பிரிதிறனை அளக்கிறார்கள். அப்படி அளந்தவர்களின் முடிவுகள் விளம்பரத்தோடு பெரிதும் மாறுபடுகின்றன. 6400 என்று சொல்லப்படும் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 உண்மையில் தருவது சுமார் 1500 முதல் 1600 வரை. 7200 என்று சொல்லப்படும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ (8200i) ஆகியவை தருவது சுமார் 3200. ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள எப்சன் வி850-உம் 35 மி.மீ. ஃபிலிமில் 2300 அளவைத்தான் எட்டுகிறது. மாறாக, 4000 என்று மட்டும் அறிவிக்கப்பட்ட பழைய நிக்கான் கூல்ஸ்கேன் ஏறக்குறைய அந்த அளவை அப்படியே தந்தது.

அப்படியானால் எனக்கு எத்தனை டிபிஐ தேவை?

ஒரு 35 மி.மீ. படத்தின் நீளம் 1.4 அங்குலம். உண்மையான 1600 டிபிஐ கிடைத்தால் சுமார் 2270 × 1510 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 3.4 மெகாபிக்சல் கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டும் 4 × 6 அங்குலப் பிரிண்டுக்கு 1800 × 1200 புள்ளிகள் போதும் என்பதால், இந்த அளவே அதற்குத் தாராளம். கைபேசியில் உறவினர்களுக்கு அனுப்பவும் போதும். ஆனால் 8 × 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கிச் சட்டமிட வேண்டுமானால் 3600 × 2400 புள்ளிகள், அதாவது உண்மையான 2540 டிபிஐ தேவை. வி600 அந்த அளவை எட்டாது, பிளஸ்டெக் எட்டும்.

இதே கணக்கை 120 ரோலுக்குப் போட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. 6 × 6 படத்தின் உண்மையான பக்கம் 56 மி.மீ. அதே 1600 டிபிஐயில் இது சுமார் 3500 × 3500 புள்ளிகளைத் தருகிறது. அது 12 மெகாபிக்சலுக்கும் மேல். ஒரே ஸ்கேனர் சிறிய ஃபிலிமுக்குப் போதாமலும் பெரிய ஃபிலிமுக்குத் தாராளமாகவும் இருப்பது இதனால்தான்.

என்னிடம் 35 மி.மீ. மட்டுமே இருக்கிறது. எதை வாங்கலாம்?

ஃபிலிமுக்கென்றே செய்யப்பட்ட சிறிய ஸ்கேனரை வாங்குங்கள். குறைந்த செலவில் இன்று கிடைப்பவற்றில் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் வரிசையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 8100 மாதிரிக்கும் 8200ஐ மாதிரிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, பின்னதில் தூசியையும் கீறலையும் கண்டறியும் அகச்சிவப்பு விளக்கு இருப்பதே. கலர் நெகட்டிவ்கள் நிறைய இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து 8200ஐ அல்லது அதற்குப் பின் வந்த 8300ஐ வாங்குவது தகும். முழுவதும் கறுப்பு வெள்ளை என்றால் 8100 போதும், ஏனெனில் அகச்சிவப்பு அங்கே உதவாது.

இந்தக் கருவியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆறு படங்கள் கொண்ட துண்டை ஹோல்டரில், அதாவது ஃபிலிமைப் பிடிக்கும் சட்டத்தில், வைத்து மூடி, பக்கவாட்டில் செருகி, ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஒரு கட்டம் தள்ள வேண்டும். உயர்ந்த அளவில் அகச்சிவப்பையும் சேர்த்து ஸ்கேன் செய்யும்போது ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். 36 படங்கள் கொண்ட ஒரு ரோலை முடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். மேலும் இதில் ஃபோகஸ் மாற்ற வழியில்லை. ஃபிலிம் வளைந்திருந்தால் ஓரம் மங்கும். வளைந்த துண்டுகளை உறையிலிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்து நேராக்கிய பிறகு ஸ்கேன் செய்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வேறுபாடு இருக்கும்.

35 மி.மீ., 120 இரண்டுமே இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா?

போதும், எப்சன் வி600 போன்ற, மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் (தட்டையான கண்ணாடி மீது வைத்து எடுக்கும்) ஸ்கேனர் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. 120 ரோலில் நல்ல பெரிய பிரிண்டுக்கான தரத்தையும், 35 மி.மீ.யில் ஆல்பம் அளவுக்கான தரத்தையும் அது தரும். நெகட்டிவ் இல்லாமல் பிரிண்ட் மட்டுமே மிஞ்சியிருக்கும் பழைய புகைப்படங்களையும் அதிலேயே ஸ்கேன் செய்துவிடலாம் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வசதி. 35 மி.மீ. ஹோல்டரில் ஒரே தடவையில் 12 படங்களை வைத்துவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். கேனன் கேனோஸ்கேன் 9000எஃப் ஏறக்குறைய இதே தரத்தைத் தரும் கருவி. அதன் உற்பத்தி நின்றுவிட்டதால், பழைய பொருளாக நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம்.

வி600-இன் மூடியில் உள்ள விளக்கின் சாளரம் ஏறக்குறைய 7 செ.மீ. அகலமே உடையது. பழைய ஸ்டுடியோக்களின் பெரிய ஷீட் ஃபிலிம்களும் கண்ணாடித் தகடுகளும் அதில் முழுமையாக அடங்கா. அவற்றுக்கு வி850 போன்ற பெரிய கருவி வேண்டும், அல்லது கீழே விளக்கப்படும் கேமரா முறையைப் பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் நெகட்டிவை வைத்து எடுக்க முடியாதா?

முடியாது. அது தாளின் மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. நெகட்டிவுக்கோ பின்னாலிருந்து ஊடுருவி வரும் ஒளி தேவை. மேலிருந்து டார்ச் அடிப்பது போன்ற உபாயங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

சிறிய திரையோடு வரும், கணினி தேவைப்படாத கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

கோடாக் ஸ்லைடு என் ஸ்கேன் போன்றவை ஸ்கேனர் என்ற பெயரில் விற்கப்பட்டாலும், உள்ளே இருப்பது ஒரு சிறிய கேமராவும் ஒரு விளக்கும்தான். 14 மெகாபிக்சல் சென்சாரில் எடுத்து, அதையே 22 மெகாபிக்சலாக ஊதிப் பெரிதாக்கித் தரும் வசதியும் உண்டு. அந்தப் பெரிதாக்கலால் புதிய விவரம் எதுவும் சேர்வதில்லை. கோப்பு ஜேபெக் வடிவில் மட்டுமே கிடைப்பதால், பின்னர் நிறத்தைத் திருத்தும் வாய்ப்பும் குறைவு. தூசி நீக்கமும் இல்லை.

இருந்தாலும் இதை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். ஒரு படத்துக்குச் சில விநாடிகளே ஆகின்றன, கணினிப் பழக்கம் இல்லாத பெரியவர்கள்கூட இயக்கலாம், 110 ஃபிலிமையும் ஏற்கிறது. ஆயிரக்கணக்கான நெகட்டிவ்களில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க இது நன்றாகவே பயன்படும். தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் நல்ல ஸ்கேனரில் மீண்டும் எடுக்கலாம்.

டிஜிட்டல் ஐஸ் என்று சொல்கிறார்களே, அது என்ன? கட்டாயம் வேண்டுமா?

கலர் ஃபிலிமில் படத்தை உருவாக்கும் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை. ஆனால் தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே அகச்சிவப்பில் தனியாக ஒரு தடவை ஸ்கேன் செய்தால், படம் மறைந்து அழுக்கு மட்டும் தெரியும். அந்த வரைபடத்தைக் கொண்டு மென்பொருள் அந்தந்த இடங்களைச் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்புகிறது. எப்சன் ஸ்கேனர்களில் இதற்கு டிஜிட்டல் ஐஸ் என்று பெயர். கேனனும், சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேனர் மென்பொருளும் வேறு பெயர்களில் இதே வேலையைச் செய்கின்றன. நம் ஊர்த் தூசியில் பல ஆண்டுகள் கிடந்த கலர் நெகட்டிவ்களுக்கு இது வரப்பிரசாதம். கையால் ஒவ்வொரு புள்ளியாக நீக்கும் வேலையைப் பெருமளவு மிச்சப்படுத்துகிறது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இதைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். அங்கே படமே உலோக வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால், மென்பொருள் முகத்தையும் முடியையும் அழுக்கு என்று எண்ணி அழித்துவிடும். கலர் ஃபிலிமின் ரசாயன முறையிலேயே கழுவப்பட்ட இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

ஸ்டுடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்குத் தனிக் கவனம் தேவையா?

நிச்சயமாகத் தேவை. ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த படங்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நிறையவே உண்டு. இவை வெள்ளிப் படங்கள் என்பதால் அகச்சிவப்பு உதவாது. தூசியை ஸ்கேன் செய்வதற்கு முன்பே அகற்றியாக வேண்டும்.

அத்தகைய உருவப்பட நெகட்டிவ் ஒன்றை விளக்குக்கு எதிரே பிடிக்காமல், ஒளி சாய்வாக விழும்படி திருப்பிப் பாருங்கள். முகத்தின் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மட்டும் பளபளப்புக் குறைந்து, நுண்ணிய கோடுகளாலான ஒரு மங்கல் தெரிந்தால், அது ரீடச்சிங் கலைஞர் கூரிய பென்சிலால் வேலை செய்த இடம். நெகட்டிவில் வெளிறிக் கிடக்கும் சுருக்கங்களையும் தழும்புகளையும் பென்சிலால் நிரப்பினால், பிரிண்டில் அந்தக் கருமை மறைந்து தோல் சீராகத் தெரியும். ஒரு முகத்துக்கு இத்தனை பொறுமையோடு உழைத்திருக்கிறார்களே என்று நினைக்கையில் அந்தக் கலைஞர்கள் மீது மதிப்பு கூடுகிறது. அந்தப் பக்கத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் அவர்கள் செய்த வேலை போய்விடக்கூடும். காற்றுப் பந்தால் ஊதுவதோடும், மென்மையான தூரிகையால் தடவுவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மிக உயர்ந்த பிரிதிறனில் ஸ்கேன் செய்தால் பென்சில் கோடுகளே திரையில் தெரியத் தொடங்கும்; அதை ஸ்கேனரின் பழுது என்று நினைக்க வேண்டாம்.

என்னிடம் நல்ல டிஜிட்டல் கேமரா இருக்கிறது. ஸ்கேனர் இல்லாமலே செய்யலாமா?

செய்யலாம், கேமராவும், மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே கையில் இருந்தால் இதுவே மிகக் குறைந்த செலவில் மிக உயர்ந்த தரம் தரும் வழி. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில், ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு 35 மி.மீ. படத்தை நிரப்பி எடுத்தால், அது சுமார் 4200 டிபிஐக்கு இணையானது. வேகமோ ஒப்பிடவே முடியாதது. ஒரு துண்டில் உள்ள ஆறு படங்களும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்று விஷயங்களில் மட்டும் சமரசம் கூடாது. முதலாவது விளக்கு: நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகையாக இருக்க வேண்டும். கைபேசித் திரையை விளக்காகப் பயன்படுத்தினால் அதன் புள்ளிகளே படத்தில் பதியும். அடுத்து, கேமராவும் ஃபிலிமும் மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும். ஃபிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் படத்தின் நடுவில் வரும்படி கேமராவைச் சரிசெய்தால் போதும். கடைசியாக, அறையை இருட்டாக்கி, லென்ஸ் துளையை எஃப்8 அளவில் வைத்து, ரா வடிவில் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பாக) எடுங்கள். வாலாய் போன்ற நிறுவனங்கள் ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர்களை விற்கின்றன, 6 செ.மீ. ஃபிலிமுக்கும் அவற்றில் இடமுண்டு.

இந்த முறையில் அகச்சிவப்புத் தூசி நீக்கம் கிடையாது. ஆகவே கறுப்பு வெள்ளைக்குக் கேமரா, அழுக்கேறிய கலருக்கு ஸ்கேனர் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

பழைய நிக்கான் கூல்ஸ்கேன் விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?

தரத்தில் இன்றும் அவை சிறந்தவை; ஆனால் நிக்கான் அவற்றின் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், பழுதானால் பழுதுபார்ப்பவரும் உதிரிப் பாகமும் கிடைப்பது அரிது. கூல்ஸ்கேன் 5, 5000 ஆகியவை யூஎஸ்பி மூலம் இணைபவை. அவற்றுக்கு முந்திய சில மாதிரிகள் ஸ்கசி இணைப்பையும், 8000, 9000 மாதிரிகள் ஃபயர்வயர் இணைப்பையும் எதிர்பார்ப்பவை. இன்றைய கணினியில் இவற்றைப் பொருத்துவதே தனி வேலையாகிவிடும். நிக்கானின் சொந்த மென்பொருள் புதிய கணினிகளில் சிக்கல் தரும். வியூஸ்கேன் என்ற தனி மென்பொருள் அந்த இடத்தை நிரப்புகிறது.

எந்தப் பழைய ஸ்கேனரானாலும், ஹோல்டர்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். ஹோல்டர் தொலைந்த ஸ்கேனர் விலை குறைவாகத் தெரிந்தாலும், தனியாக ஹோல்டர் தேடி அலைவதில் அந்த லாபம் போய்விடும். பிளாட்பெட்டில் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபடிந்தாற்போன்ற படலமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜப்பானில் விற்ற கருவியாக இருந்தால், அது 100 வோல்ட் மின்சாரத்துக்கு மட்டும் உரியதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெட்டியில் ‘டிமாக்ஸ்’ என்றும் ஓர் எண் இருக்கிறதே?

ஃபிலிமின் மிகக் கருமையான பகுதியை ஊடுருவிப் படிக்கும் திறன் அது. நேரடியாகவே சரியான நிறத்தில் தெரியும் ஸ்லைடு ஃபிலிம்களுக்கு இது முக்கியம். நெகட்டிவின் அடர்த்தி வீச்சு குறைவு என்பதால், நெகட்டிவ் மட்டும் வைத்திருப்பவர் இதற்காகக் கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை.

கலர் நெகட்டிவைத் தலைகீழாக மாற்றினால் எல்லாம் நீலமாக வருகிறது. ஸ்கேனர் பழுதா?

பழுதில்லை. சாயங்களின் குறைபாட்டை ஈடுசெய்வதற்காக ஃபிலிம் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சேர்த்த ஆரஞ்சு நிறமே காரணம். அதைக் கழித்த பிறகே படத்தை மாற்ற வேண்டும். ஸ்கேனர் மென்பொருளில் ‘கலர் நெகட்டிவ்’ என்று தேர்ந்தெடுத்தால் இது தானாக நடக்கும். பிளஸ்டெக்கோடு வரும் சில்வர்ஃபாஸ்ட் திறமையானது, ஆனால் பழக நாளாகும். மேலும் அதன் உரிமம் அந்த மாதிரி ஸ்கேனருக்கு மட்டுமே செல்லும். வியூஸ்கேன் ஒரே உரிமத்தில் பல ஸ்கேனர்களை இயக்கும்; அதில் படமில்லாத வெற்று ஃபிலிம் பகுதியை அளந்து, அந்த அளவை முழு ரோலுக்கும் பூட்டிவைக்கும் வசதி மிகப் பயனுள்ளது. கேமராவில் எடுப்பவர்களுக்கு, இலவச மென்பொருளான டார்க்டேபிளில் உள்ள நெகாடாக்டர் என்ற பகுதி போதும்.

பூஞ்சை பிடித்தவற்றையும், வினிகர் போல வாடை அடிப்பவற்றையும் என்ன செய்வது?

பூஞ்சை தின்றது படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலத்தை. அந்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கக்கூடும் என்பதால், கழுவினால் படமே வழிந்து போகலாம். உலர்ந்த நிலையிலேயே மெல்லத் தூசி தட்டி ஸ்கேன் செய்யுங்கள். வினிகர் வாடை, அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கியதன் அடையாளம். வெளிவரும் அமிலம் சிதைவை மேலும் விரைவாக்குகிறது. பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் பாதிக்கிறது. இவற்றை உடனே தனியே பிரித்து, ஸ்கேன் வரிசையில் முதலாவதாக வையுங்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் பகுதியில் இந்த வேலையை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. நல்ல ஸ்கேனர் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருப்பதைவிட, கிடைத்த கருவியில் இவற்றை மட்டும் இப்போதே எடுத்துவிடுவது மேல்.

எந்த வடிவில், எந்த அளவில் சேமிக்க வேண்டும்?

பிளஸ்டெக்கில் முழு 7200 டிபிஐயில், 48 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) கோப்பாகச் சேமித்தால் ஒரே படம் 400 எம்பியைத் தாண்டும். 3600-இல் அது சுமார் 100 எம்பி. 36 படங்கள் கொண்ட ரோலுக்கு நான்கு ஜிபிக்குள் அடங்கும். பொதுவாக 3600 போதும். மிக முக்கியமான சில படங்களை மட்டும் 7200-இல் எடுத்து, பிறகு பாதியாகச் சுருக்கினால் சற்றுக் கூடுதல் விவரம் கிடைக்கும். வி600-இல் 35 மி.மீ.க்கு 3200-க்கு மேல் வைப்பது வட்டை நிரப்புவதற்கு மட்டுமே உதவும். மூலத்தை டிஃப் ஆகவும், பகிர்வதற்கான நகலை ஜேபெக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை இரண்டு வெவ்வேறு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

சில ரோல்கள்தான் இருக்கின்றன. ஸ்கேனர் வாங்காமல் லேபில் கொடுத்துவிடலாமா?

ஐந்தாறு ரோல்களுக்காகக் கருவி வாங்குவது வீண், லேபிலேயே கொடுங்கள். கொடுக்கும் முன், ஒரு படத்துக்கு எத்தனை பிக்சல் தருவார்கள், கோப்பு எந்த வடிவில் வரும், நெகட்டிவ் துண்டுகளை வெட்டாமல் திருப்பித் தருவார்களா ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரை விற்றுவிடலாமா? நெகட்டிவ்களை என்ன செய்வது?

ஸ்கேனரை விற்கலாம். ஃபிலிம் ஸ்கேனர்களுக்கு வாங்க ஆள் இருந்துகொண்டே இருப்பதால், பெட்டி, ஹோல்டர், மின் அடாப்டர் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தால் போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கும். இரண்டு மூன்று உறவினர் குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்திவிட்டு விற்பது இன்னும் நல்ல வழி. நெகட்டிவ்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கி எறியக் கூடாது. பிவிசி அல்லாத பாலிபுரொப்பிலீன் உறைகளிலோ அமிலமற்ற தாள் உறைகளிலோ இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில், சமையலறையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். வினிகர் வாடை வீசுபவற்றை மட்டும் இறுக மூடாமல், காற்றோட்டமுள்ள வேறொரு பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வோர் உறையின் மீதும், ஃபிலிமை உள்ளே இடுவதற்கு முன்பே, கோப்புறையின் பெயரையும் படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.